புதியவர் மைதானத்தில் ஒரு பச்சப்புள்ள

கேமராக்காரியின் தம்பிக்கு வாய் நீளம். சாப்பிட உட்கார்ந்தால் உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அதிகம். அன்றைக்கும் முதல் வாய் இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“இன்னிக்கும் ஒருத்தனை வச்சு செஞ்சேன்கா. சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாயிடுச்சு. கிழவன்னு நினைக்கிறேன். துப்பாக்கியைத் தூக்குனா குறி ஒரு நேரம் வானத்துல இருக்கு, ஒரு நேரம் தரையில இருக்கு. என்னைச் சுடுறேன்னு சுவத்தைச் சுடுறான். பாவம், அந்தச் சுவர்!”

அவன் சொன்னது ஆன்லைனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றி. புதிதாக வருகிறவர்கள் பழகுவதற்கென்று அதில் தனியாக ஓர் இடம் உண்டு. புதியவர் மைதானம் என்று பெயர். அங்கே எதிரிகளில் பாதிப் பேர் நிஜ ஆட்கள் அல்ல, கம்ப்யூட்டரே ஓட்டும் பொம்மைகள். பொம்மை சுடும் முதல் குண்டு யார்மேலும் படாது. புதியவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கட்டும், பதுங்கப் பழகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆடித் தேறியவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. நம் ஆளோ வருஷக்கணக்கில் ஆடித் தேய்ந்தவன். ‘பச்சப்புள்ள’ என்று ஒரு புதுக் கணக்கைத் திறந்து, ஜெயித்துக்கொண்டே போனால் வெளியே தள்ளிவிடுவார்களே என்று நடுநடுவே வேண்டுமென்றே தோற்று, அங்கேயே டேரா போட்டிருந்தான். கற்றுக்கொள்ள வந்தவனை அடிப்பதில் அப்படி என்ன சுகமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

“அடிச்சதோட விட்டேனா? விழுந்து கிடக்கிறவன் மேல ஏறி நின்னு, குந்திக் குந்தி எழுந்து கேவலப்படுத்தினேன். தினம் அதே நேரத்துக்கு வர்றான்கா. தினம் அதே மரியாதைதான்.”

எதிரே கேமராக்காரியின் கணவர் இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் அவரைச் சலூன்காரர் என்றால்தான் தெரியும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து சலூனைச் சம்பள ஆள்தான் பார்த்துக்கொள்கிறான். கரண்டி தட்டில் இடித்தது. அவர் தலையைத் தூக்கவே இல்லை. காதுமடல் மட்டும் சிவந்துபோயிருந்தது.

கேமராக்காரிக்குப் பகீரென்றது.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா சொல்லித்தான் அந்த விளையாட்டு வீட்டுக்குள்ளேயே வந்தது. பந்தை அமுக்கச் சொன்னால் சலூன்காரர் சின்னப் பிள்ளைபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பிடிச்ச மாதிரி ஏதாவது செய்யட்டும், விரல் அசைஞ்சாப் போதும். இப்ப விட்டுட்டா அப்புறம் கத்தரிக்கோலை மறந்துட வேண்டியதுதான்” என்றார் பிசியோ அம்மா. அதற்குப் பிறகுதான் இரண்டு கையாலும் பிடித்து விரலால் அமுக்கி ஆடும் கன்ட்ரோலர் வாங்கினார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார். தனக்கென்று ஒரு பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை, விளையாட்டே கொடுத்த நம்பர்தான். மாடி அறையில் இருக்கும் மச்சினனுக்கு எப்படித் தெரியும்?

தட்டெல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்து, படுக்கையறையில் கணவரிடம் கேட்டாள். “அது நீங்கதானே?”

“அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே.”

“சொல்லாம? இப்பவே மாடிக்குப் போய்...”

“சொன்னா என்னைப் பார்க்கிறப்பல்லாம் பாவப்படுவான். அதுக்கு அவன் குந்துறதே மேல்” என்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கன்ட்ரோலர் பீரோ மேலே போய்விட்டது. அதற்கு மறுநாளும் அவர் கேட்கவில்லை. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மாடியை நிமிர்ந்து முறைத்தாள். என் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, என் புருஷன்மேல் ஏறியா குந்துகிறாய்? இருடா, உன்னைச் சும்மா விட்டால் நான் உன் அக்கா இல்லை.

அவள் வேலை பார்ப்பது போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில். சுவர் முழுக்கக் கேமராத் திரைகள்; கேமராக்காரி என்ற பெயர் வந்ததும் அதனால்தான். சிவப்பு விளக்கைத் தாண்டுகிற வண்டிகளைப் பிடித்து அபராதம் அனுப்ப வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அவள் கண்ணுக்குத் தப்பியவன் குறைவு. வண்டிகளைத் துரத்துவது அவள் வழக்கமில்லை. ஒரு முனையில் ஒருமுறை மாட்டாமல் போனவன் மறுபடி அதே முனையில், அதே மாதிரி, கழுத்தைக்கூடத் திருப்பாமல் போவான். அவள் அந்த முனையிலேயே கண்ணை வைத்துக் காத்திருப்பாள்.

தம்பி செல்போன் கடையில் வேலை முடிந்து வருவதற்கு முன் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கன்ட்ரோலரைக் கீழே இறக்கினாள். “உங்களுக்கு வேண்டாம்னா நான் ஆடிட்டுப் போறேன்” என்றாள் கணவரிடம். அவர் முன்னறைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

தனக்கென்று ஒரு புதுக் கணக்கைத் திறந்தாள். முதலில் அட்டை மனிதர்களைச் சுட்டுப் பழக வேண்டும். அவள் பழகிய லட்சணத்தைச் சொன்னால் மானம் போய்விடும். தன் காலடியிலேயே குண்டு போட்டுச் செத்தாள். ஏணியில் ஏறப்போய்த் தண்ணீரில் விழுந்தாள். அதற்கும் பயிற்சிக் குரல், “அருமை, வீரரே! தொடருங்கள்!” என்று உற்சாகப்படுத்தியது.

“வாயை மூடு” என்றாள் கேமராக்காரி.

கை ஓரளவு படிந்ததும் புதியவர் மைதானத்துக்குள் போனாள். போனவள் யாரையும் சுடவில்லை. புல்லுக்குள் படுத்துக்கொண்டு பச்சப்புள்ளையை மட்டும் பார்த்தாள். ஓடுவான், அடிப்பான். யாராவது விழுந்தால் மேலே ஏறி நின்று குந்துவான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குண்டு சீறிப்போனால்கூடத் திரும்ப மாட்டான். ஏதோ பொம்மை சுடுகிறது, முதல் குண்டு எப்படியும் படாது, குந்தி முடித்து நகர்ந்துகொள்ளலாம் என்கிற தைரியம். அங்கேயே குடியிருந்து குடியிருந்து அந்தத் தைரியம் அவன் உடம்போடு ஊறிப்போயிருந்தது. வெளியே, நிஜ மைதானத்தில், எவனும் செய்யாத முட்டாள்தனம்.

‘மாட்டினாயா’ என்றாள் மனதுக்குள்.

அடுத்த நாள் மைதானத்திலிருந்த ஒரு கட்டடத்தின் ஜன்னலில் காத்திருந்தாள். யாரோ ஒரு அப்பாவி விழுந்தான். பச்சப்புள்ள மேலே ஏறிக் குந்த ஆரம்பித்தான். அவள் பொம்மை சுடுவதுபோல முதல் குண்டை வேண்டுமென்றே அவன் காதோரமாக விட்டாள். அவன் அசையவில்லை. குந்தினான், எழுந்தான், மறுபடி குந்தினான். இரண்டாவது குண்டு நெற்றியில்.

மாடியில் நாற்காலி தடதடவென்றது. “அடச்சே!” என்று கத்தல் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய், விழுந்து கிடந்த பச்சப்புள்ள மேல் ஏறி நின்றாள். குந்தினாள். ஆசை தீரக் குந்தினாள்.

அப்புறம் தினமும் அதே விருந்து. அலுவலகத்தில் என்ன தலைவலி இருந்தாலும் அந்தச் சாயங்கால நேரத்தில் பறந்துவிடும். பாவமாக இருந்ததா என்றால், துளிகூட இல்லை. ஆனால் ஆடி முடித்துக் கதவைத் திறந்தால் கணவர் அதே ஜன்னலோரம் அப்படியே இருப்பார். அந்தக் கை மடியில் அப்படியே இருக்கும். அதைப் பார்த்ததும் போன எரிச்சலெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு இன்னும் இரண்டு போட வேண்டும் என்று கறுவிக்கொண்டே அடுப்படிக்குப் போவாள்.

தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுப் பொருமினான்.

“யாரோ ஒருத்தன்கா, என்னையே குறிவச்சு அடிக்கிறான். அடிச்சிட்டு மேல ஏறி வேற நிக்கிறான். புதுசா வர்றவங்க பழகுற இடத்துல வந்து இப்படிப் பண்ணலாமா? மனுஷனா அவன்? புகார் பண்ணப் போறேன்.”

கேமராக்காரி அவன் தட்டை மறுபடி அவன் பக்கம் தள்ளினாள். “பண்ணு. அடிச்சது எங்க அக்கான்னு சேர்த்துப் போடு.”

“என்னது?”

“நான்தான்டா அது.”

சலூன்காரர், “வேண்டாம், விடு” என்றார். அவள் விடவில்லை. விடுவதற்கா இத்தனை நாள் புல்லில் படுத்துக் கிடந்தாள்?

“குறி தெரியாத கிழவன்னு சிரிச்சியே, அவர் யாருன்னு நினைச்சே? இதோ, உன் எதிர்ல உக்காந்திருக்கார். நீ இங்க உக்காந்து சொல்லிச் சிரிச்ச அன்னிக்கு விட்டவர்தான், அதுக்கப்புறம் கன்ட்ரோலரைத் தொடலை.”

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. “மாமா... சத்தியமா எனக்குத் தெரியாது மாமா. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா...”

“தெரியாத ஆளா இருந்தா குந்தலாமா?” என்றாள் அக்கா. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

“நிறுத்துடி” என்றார் சலூன்காரர். அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. “சொல்லாதேன்னு சொன்னேன்ல? என் சண்டையை யாரைக் கேட்டு நீ போட்டே? தினம் ஜன்னலோரம் உக்காந்து மேல அவன் கத்துறதைக் கேட்டுட்டுதான் இருந்தேன். அத்தனை தடவை அடிச்சியே, எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வச்சியா?”

அவளுக்குச் சுருக்கென்றது. அவருக்கும் உள்ளே அதே நெருப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதில் இத்தனை நாளாகத் தான் மட்டும் குளிர்காய்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். கட்டில்மேல் கிடந்த கன்ட்ரோலரை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மடங்க மறுத்தன. இடது கையால் ஒவ்வொரு விரலாக அதன்மேல் மடக்கினார். உதவப்போனவளை முழங்கையால் தள்ளினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

தம்பி வாசற்படியில் தயங்கி நின்றான். “மாமா, நான் மேல போய் ஆட்டத்துக்குள்ள வர்றேன். சும்மா ஒரே இடத்துல நிக்கிறேன். உங்க ஆத்திரம் தீர்ற வரைக்கும் சுடுங்க.”

“நின்னே, தொலைச்சிடுவேன்” என்றார் சலூன்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஓடுடா. உன்னால முடிஞ்ச வரைக்கும் ஓடு.”