இருபத்துநான்கு வீட்டுக்கு இரண்டு புள்ளி

2009 ஒக்டோபர் 6, செவ்வாய்

இன்று ஒரு சிறிய பிழை செய்தேன். ஒரே விலாசத்தில் வந்திருந்த படிவங்களைக் கணினியிலிருந்து நீக்கினேன். எத்தனை நீக்கினேன் என்று கொப்பியில் எழுதிவைக்க மறந்துவிட்டேன். செய்த வேலைக்கெல்லாம் எண்ணிக்கை எழுத வேண்டும் என்பது வகுப்பில் முதல் நாள் சொன்ன விதி. மற்றவர்களுக்கு அதை நினைவூட்டுகிறவளே நான்தான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் நடக்கும் எங்கள் மாலை நேரக் கணினி வகுப்புக்கு, மண்சரிவு அபாயம் பார்க்கும் ஒரு திட்டத்தின் தரவு வேலை கிடைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் நிரப்பிவந்த ஆயிரத்து நூற்று நாற்பது படிவங்கள். ஒவ்வொரு படிவமும், அதில் எழுதியிருக்கும் விலாசத்தை வைத்து, வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். திரையின் இடப்பக்கத்தில் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன: சரிவு எவ்வளவு (புள்ளி விழும் இடத்தைப் பார்த்துக் கணினியே போடும்), பின்சுவரில் வெடிப்பு உண்டா, அந்த இடத்தில் எத்தனை குடும்பம். பெட்டியில் டிக் போட்டால் பொருந்தாத புள்ளிகள் மறைந்துவிடும். எஞ்சுகிற இடங்களுக்குத்தான் ஆய்வாளர்கள் அடைமழைக்கு முன்னால் போவார்கள். அவர்கள் ஆபத்து என்று எழுதினால்தான் அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு.

சில படிவங்கள் இரண்டு தடவை வந்திருந்தன. "ஒரே விலாசம் ரெண்டு தரம் கிடந்தா முதலாவதை வைச்சிட்டு மிச்சத்தைத் தூக்குங்கோ" என்றார் வகுப்பை நடத்தும் மயூரதன் சேர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஐந்து வயதுதான் கூட. நான் தூக்கினேன். பழைய கோப்பின் மேலேயே சேமித்தும்விட்டேன்.

"எத்தினை போச்சு, சர்மிளா?"

"எழுதல சேர்."

"நீரோ எழுதேல்லை? அப்ப இண்டைக்கு மழைதான்."

வகுப்பு சிரித்தது. வெளியே இரண்டு மணியிலிருந்தே மழை பெய்துகொண்டிருந்தது. "பரவாயில்லை, ரெட்டிப்புத்தானே" என்றார் சேர். எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு எண்ணிக்கை இல்லாத இடம் கொப்பியில் வெள்ளையாகக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து, செவ்வாய்தோறும் செய்வதைச் செய்தேன். பின்சுவர் வெடிப்பில் பென்சிலால் கோடு போட்டிருக்கும் இடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீற்றர். போன செவ்வாய் ஐந்து.

ஒக்டோபர் 8, வியாழன்

வரைபடம் இன்று முழுதாக வந்தது. இணையம் மெதுவானதால் மலைகள் துண்டு துண்டாக ஏறின. முதலில் திம்புள்ளப் பக்கம், பிறகு நோட்டன் பிரிட்ஜ், கடைசியில் நாங்கள். சேர் மூன்று பெட்டிகளில் டிக் போட்டார். சரிவு அதிகம். வெடிப்பு உண்டு. குடும்பங்கள் ஐந்தோ அதற்கு மேலோ. திரையில் பதினான்கு இடங்கள் சிவப்பாக நின்றன. "இதுதான் பட்டியல். இண்டைக்கே நுவரெலியா ஒபிசுக்கு அனுப்பிறன்" என்று சொல்லி அனுப்பினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டே எங்கள் லயத்தைத் தேடினேன். அது பதினான்கில் இல்லை.

எங்களுடையது ஊற்றுமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. கீழ்க்கணக்கு என்று சொல்வோம். இருபத்துநான்கு வீடுகள் ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டாமல் ஒரே வரிசையாக நிற்கும் நீள லயம். பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான், கானை ஒட்டி நேரே எழும்பும் மண்மேடு. பின்பக்கம் யாருக்கும் ஜன்னல் இல்லை. சில தோட்டங்களில் லயம் முழுவதற்கும் ஒரே படிவம் நிரப்பியிருந்தார்கள்; நான் ஓகஸ்டில் வீட்டுக்கு ஒன்றாக இருபத்துநான்கு நிரப்பினேன். வெடிப்பு இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான்.

எல்லாரும் பஸ்ஸுக்கு இறங்கியபின் நான் உட்கார்ந்து டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த வரிசையைக் கொப்பியில் எழுதினேன். சரிவை எடுத்தேன்: வரவில்லை. வெடிப்பை எடுத்தேன்: வரவில்லை. குடும்ப எண்ணிக்கையை எடுத்ததும் கீழ்க்கணக்கில் ஒரே ஒரு புள்ளி எழும்பியது. அழுத்தினேன். மூக்கன். குடும்பங்கள்: ஒன்று.

மூக்கன் மாமா முதல் வீடு. முதலாவதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கியிருக்கிறேன்.

எங்கள் லயத்தில் வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாருக்கும் 'ஊற்றுமலைத் தோட்டம், கீழ்க்கணக்கு, ஹட்டன்'தான். கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். சில வாரம் கழித்து வரும், சில வருவதே இல்லை. சேருக்கு இது தெரிய நியாயம் இல்லை. அவர் ஊரில் வீட்டுக்கு வீடு வேலி, படலை, இலக்கம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். இரண்டு வருடமாக நான் அந்த விலாசத்தை எழுதுவதில்லை. வகுப்புக்கும் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் நான் பகலில் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையின் விலாசத்தையே எழுதுகிறேன். கடிதம் தவறாமல் வருகிறது. அதோடு, எங்கே இருக்கிறாய் என்று யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

கடைசியாக ஹட்டன் நகரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஸ் நிலையத்தடியில் ஒரு பச்சைப் புள்ளி. ராக்காயி. சரிவு: இல்லை. என் அம்மா. வீட்டுப் படிவத்திலும் கைப்பழக்கத்தில் கடை விலாசத்தையே எழுதியிருக்கிறேன்.

கடைசி பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை. "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கண்டக்டர் முன்னால் போகச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தான். முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் கூடை.

ஒக்டோபர் 9, வெள்ளி

வகுப்பு தொடங்குமுன் சேரிடம் சொன்னேன். கொப்பியை நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இருபத்திநாலு வீட்டுக்கும் ஒரு விலாசமோ?"

"ஆமா சேர்."

"அப்ப தபால்காரன் என்ன செய்யிறவன்?"

"எங்க பக்கம் தபால்காரர் வர்றதில்ல சேர்."

சேர் கதிரையில் சாய்ந்தார். படிவக் கட்டுகள் முத்திரை வைத்து நுவரெலியாவுக்குப் போய்விட்டன. திருப்பி எடுக்கக் கடிதம் எழுதலாம். இரண்டு கிழமையாவது பிடிக்கும். பழைய கோப்பு இல்லை. அதன் மேல்தான் நான் சேமித்தேன்.

"மொத்தம் ஆயிரத்து நூற்று நாப்பது. இப்ப எத்தினை கிடக்கு?" என்று கேட்டார்.

"எண்ணூத்தி மூணு சேர்."

அப்படிக் கழித்தே கண்டுபிடித்திருக்கலாம். முந்நூற்று முப்பத்தேழு. அதில் இருபத்திரண்டு எங்கள் லயம். மிச்சம் யார் யார், எது உண்மையான ரெட்டிப்பு, எது பதினாறு வீட்டு லயம் என்று எனக்குத் தெரியாது. அவர்களும் தங்களை யாரோ எழுதிக்கொண்டு போனதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"சேர், பட்டியல் பிழைன்னு சொல்லிருங்க. நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க."

"தூக்கச் சொன்னது நான்." சேர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, எனக்கும் பயமாக் கிடக்கு. சண்டை முடிஞ்சும், யாழ்ப்பாணத்தான் எண்டதால, இந்த அறை வாடகைக்கு எடுக்கவே பொலிசில மூண்டு தரம் பதிஞ்சனான். பிழையான படம் குடுத்தவன் எண்டு பேர் வந்தா, ஆர் அனுப்பினது, ஏன் அனுப்பினது எண்டுதான் முதல் கேப்பினம்."

ஆனாலும் சேர் யன்னலடிக்குப் போய் நுவரெலியா ஒபிசுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். பத்து நிமிடம் 'சரி சரி' என்றார். திரும்பி வந்து சொன்னார்:

"பிழை எங்கட எண்டு சொல்லிப்போட்டன். படிவத்தைத் திருப்பி அனுப்புவினம், ஆனா பதினாலை இப்ப மாத்த ஏலாதாம். செவ்வாய்க்கிழமை நோட்டன் பிரிட்ஜ் போற வழியில உங்கட லயத்தில அரை மணித்தியாலம் நிப்பினம். வெடிப்பைக் கண்ணால காட்டவேணும். கண்டா பதினைஞ்சாவதா எழுதுவினம். காணாட்டி அடுத்த வருசம்தான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை லயத்தைப் பாக்க ஆபிசர்மாரு வர்றாங்க."

"எங்க லயத்தையா? நெசமாவா?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "நீ எழுதினதுனாலயா?"

ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அம்மா அடுத்த நிமிடமே வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது.

ஒக்டோபர் 11, ஞாயிறு

காலையில் கடையைத் திறந்து, புதிய படிவங்கள் இருபத்துநான்கு அச்சடித்தேன். விலாசத்துக்குக் கீழே 'எத்தனையாவது வீடு' என்று ஒரு கோடு சேர்த்தேன். எட்டுத் தடவை சரிபார்த்தேன். மூன்று மணிக்கு லயத்துக்கு ஏறி வந்தேன். வளைவிலேயே சுண்ணாம்பு மணம் வந்தது.

வருகிற சனிக்கிழமை தீபாவளி. வருடா வருடம் அதற்கு முந்திய வாரம் லயத்துக்கு வெள்ளையடிப்போம். வெடிப்பில் களிமண்ணை அப்பி, சாணம் மெழுகி, மேலே சுண்ணாம்பு. வழக்கமாக புதன், வியாழன்தான். இந்த முறை இன்றே முடித்துவிட்டார்கள். இருபத்துநான்கு வீடும், முன்னும் பின்னும், உள்ளேயும், ஒரே வெள்ளை. பின்பக்கக் கானுக்குள் மூக்கன் மாமா முழங்கால்வரை வெள்ளையாக நின்று கடைசி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்புடி இருக்கு புள்ள? கல்யாண வீடு மாதிரி இல்ல?"

ராசம்மா அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எங்க வீட்டு வெடிப்புல பல்லி குடும்பம் ஒண்ணு குடியிருந்துச்சு சர்மி. அதையும் இன்னிக்கு வெரட்டியாச்சு. பாவம், வெலாசம் இல்லாமப் போயிருச்சு." தானே சொல்லித் தானே சிரித்தாள்.

உள்ளே போனேன். என் பென்சில் கோடு இருந்த இடத்தில் ஈரமான, வழுவழுப்பான சுவர். அடிமட்டம் வைக்க ஒன்றும் இல்லை.

"ஏம்மா இப்பவே பூசுனீங்க?"

"நீதானே சொன்ன, ஆபிசர்மாரு வர்றாங்கன்னு? வெடிச்ச செவத்தையா காட்டுறது? மானம் போயிறாது? எல்லாருமா சேந்து, தூக்கத்தைக் கெடுத்து, ஓடி ஓடி முடிச்சோம்."

"வெடிப்பப் பாக்கத்தாம்மா வர்றாங்க."

அம்மா கையிலிருந்த தூரிகையை வாளிக்குள் போட்டாள். "அத நீ சொல்லலியே."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே விலாசம், நான் தூக்கிய படிவங்கள், மூக்கன் மாமாவின் ஒற்றைப் புள்ளி, பதினான்கு இடங்கள், அரை மணி நேரம். சொல்வதற்குள் இரண்டு முறை வரிசை தவறித் திரும்பத் தொடங்கினேன். முடிந்தபின் அம்மா கேட்டாள்:

"அந்தப் படத்துல நம்மள எங்க குடி வச்சிருக்க?"

"பஸ் ஸ்டேண்டுக்கு எதுத்தாப்புல. கடை விலாசத்துல."

"நல்ல எடம்" என்றாள் அம்மா.

பிறகு அடுப்பை மூட்டப் போனாள். ஊதுகுழலை எடுத்தவள் ஊதாமல் கையில் வைத்திருந்தாள். "படத்துல இல்லாட்டிச் செவரு வெடிக்காம இருக்குமா? வெடிக்கும். நாளைக்கு நீயே கதவு கதவாப் போய்ச் சொல்லு. நான் கூட வரமாட்டேன். ரெண்டு நாளா அவங்ககிட்ட எம்மக எழுதினா, எம்மக எழுதினான்னு சொல்லித் திரிஞ்சிருக்கேன்."

மூக்கன் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தீபாவளிக்குப் பூசிய சுவரைச் சுரண்டுவது அவருக்கு அபசகுனம். ராசம்மா அக்கா சிரிப்பாள், சிரித்துவிட்டுச் சம்மதிக்கலாம். மற்றவர்களைப் பற்றித் தெரியவில்லை. எல்லாரும் மறுத்தால் செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள் ஒரு வெள்ளை லயத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுவார்கள். அவர்கள் கண்டது பிழை என்றும் சொல்ல முடியாது. செவ்வாய்தோறும் எடுத்த பதினோரு அளவுகளும் கொப்பியில் இருக்கின்றன. அவற்றைக் காட்டலாம். நான் எழுதிய எண்களை இனி யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை.

மழை மறுபடியும் தொடங்கியிருக்கிறது. பின்னால் கானில் தண்ணீர் போகும் சத்தம் சுவருக்குள்ளிருந்தே வருவதுபோல் கேட்கிறது.

நாளை திங்கள். காலை ஐந்து மணிக்கு, பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புமுன், மூக்கன் மாமா வீட்டில் தொடங்கி இருபத்துமூன்று கதவுகளையும் தட்டி நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்சுவரைச் சுரண்டச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதித்தவர்கள் எத்தனை, மறுத்தவர்கள் எத்தனை என்று அந்தந்த வாசலிலேயே எழுத வேண்டும். அதற்கு முன்னால், நாலரைக்கு, எங்கள் சுவரைச் சுரண்ட வேண்டும்.