என் பெயரும் மருந்து பம்ப்பும்

என் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு இயந்திரம் புத்தி பேதலித்துப் போயிருக்கிறது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் பம்ப் அது. நம்பாதவர்கள் என் மருமகளின் மேலாளரைக் கேட்டுக்கொள்ளலாம்; முதலில் நம்பாதவரும் அவர்தான்.

அந்தப் பம்ப்புக்கு நிரல் எழுதுகிறவள் மருமகள். நிரல் ஓடும்போது எண்ணையும் எழுத்தையும் தற்காலிகமாக அடுக்கி வைக்கும் இடம் ஸ்டாக். ஒன்று வழிந்து அடுத்ததை அழித்தால் தெரிய வேண்டுமே என்று நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அங்கே ஒரு காவல் எண்ணை வைக்கும். அந்த எண் மாறினால் நிரல் நின்றுவிடும். மருமகள் அந்தக் காவலைப் போட்டாள். சோதனையில் பம்ப் அடிக்கடி நின்றது. மேலாளர் காவலை எடுத்தார். பம்ப் ஓடியது. "பிரச்சினையே நீதாம்மா" என்று அவளையும் வேலையிலிருந்து எடுக்கப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் வீட்டு மின்விசிறி தலைகீழாகச் சுற்றியது. தலைமுடி கொட்டும்வரை நிரல் எழுதியவன் நான். அவள் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவை (ஒளித்து வைத்தவனும் நானே) தூக்கிக்கொண்டு அவளுடைய ஆய்வகத்துக்குள் நுழைந்து, நேராக மேலாளரிடம் போனேன்.

"திருடன் திருடன்னு கத்துறவன் வாயப் பொத்திட்டா, திருடன் போயிடுவானா தம்பி?"

"பம்ப் நல்லா ஓடுது பெரியவரே. டப்பாவக் குடுத்துட்டு கெளம்புங்க."

நான் மருமகளிடம் திரும்பினேன். "யார் பேருக்கெல்லாம் நின்னுச்சும்மா?"

"நோயாளி பேரு நீளமா இருந்தா நின்னுச்சு மாமா. சொன்னா யாரு காது குடுக்குறா?"

"அப்ப என் பேரப் போடு."

தாத்தா, அப்பா, பட்டம் எல்லாம் முன்னும் பின்னும் ஊர்வலம் போகிற பெயர் அது. தட்டி முடிப்பதற்குள் மருமகளுக்கு ஒரு வயது கூடிவிட்டது.

"பேருக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் நடக்காது" என்று சிரித்த மேலாளர், மருந்தளவு ஐந்து என்று தானே தட்டிப் பம்ப்பை ஓட விட்டார்.

பம்ப் நிற்கவில்லை. திரையில் ஐந்து இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் ஏதோ ஒரு எண். சோதனைக்காக ஊற்றியிருந்த தண்ணீர் பீய்ச்சியடித்து மேலாளரின் காலணியை நிரப்பியது.

மருமகள் பம்ப்பை அணைத்தாள். "பேருக்கு ஒதுக்குன எடம் சின்னது சார். வழிஞ்சு மருந்தளவு மேலயே ஏறிடுச்சு. காவல் இருந்தப்ப நின்னுச்சு. இப்ப நிக்காம ஊத்துது."

"குழாயோட அந்த முனையில ஒரு மனுஷன் படுத்திருந்தா?" என்றேன்.

மேலாளர் ஈரக் காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிறகு, "காவல மறுபடி போடும்மா. பேரையும் நீயே சரி பண்ணு" என்றார்.

"மேலதிகாரிங்க கேட்டா என்ன சார் சொல்றது? ஒண்ணும் நடக்கலன்னு சொல்லவா?"

"நடந்துச்சுன்னு நானே சொல்றேன். என் கண்ணு முன்னாலதான நடந்துச்சு."