ஆசிட்டில் கழுவிய சிப்பி மணிகள்

தங்கசாமி எவர்சில்வர் தட்டைப் பெருமையோடு நஸீபாவிடம் நீட்டினார். தட்டில் முப்பத்தெட்டு சிப்பி மணிகள் பளீரென்று வெள்ளையாகக் கிடந்தன.

இரண்டு மாதம் முன்பு அவள் பார்த்தபோது அவை மண் அப்பிப் பழுப்பாக இருந்தன. கீழப்பாவூர்த் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது, உடைந்த பானைக்குள் கிடைத்தவை. தங்கசாமி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உடனே தகவல் சொல்லிவிட்டார். வந்த தொல்லியல் அதிகாரிகள் எழுதிக்கொண்டு, எடுத்துப்போக உத்தரவு வரும்வரை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள். பழங்காலச் சிப்பி அணிகலன்களை ஆராயும் நஸீபா, "மேல தூசிகூட தட்டாதீங்க" என்று கெஞ்சிவிட்டுத்தான் போயிருந்தாள். மணிகளை ஆராய அவளுக்கு அனுமதிக் கடிதம் கிடைக்க இவ்வளவு நாளாகிவிட்டது.

"கழுவினியளா அண்ணாச்சி?"

"கழுவாம பின்ன? கலெக்டர் வருதாருன்னு சொன்னாவ. சோப்புக்குப் போகல. கக்கூஸுக்கு ஊத்துத ஆசிட்ட தண்ணில கலந்து, பிரஷ்ஷ வச்சு தேச்சேன். எப்பிடி மின்னுது பாத்தியளா?"

"கலெக்டர் வந்தாரா?"

"இல்ல. மீட்டிங்காம்."

கையோடு கொண்டுவந்த சின்ன நுண்ணோக்கியை மடிக்கணினியில் மாட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். இருபதாவது மணிக்கு மேல் பிடிவாதமாகத்தான் பார்த்து முடித்தாள். எல்லாவற்றின் மேல்தோலையும் ஆசிட் தின்றிருந்தது.

"இந்த ஓட்டைய மனுசன் போட்டானா, இன்னொரு கடல் நத்தை துளைச்சதான்னு பாக்கணும். நூல்ல கோத்துப் போட்டிருந்தா ஓட்டை ஓரத்துல ஒரு பக்கமா தேஞ்சிருக்கும். அந்தத் தேய்மானந்தான் எனக்கு வேணும். இப்ப ஒண்ணும் இல்ல." அவள் மடிக்கணினியை மூடினாள். "கொலை நடந்த வீட்ல கைரேகைய எல்லாம் துணி வச்சுத் தொடச்சுப்புட்டு, வீடு சுத்தமா இருக்குன்னு நின்னா நீங்க என்ன சொல்லுவிய?"

தங்கசாமியின் முகம் சுண்டிப்போனது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ நடந்தார். திரும்பி வந்தபோது கையில் மிச்சக் கயிறு இருந்தது.

"வானத்துல தோண்டுன மண்ண தென்னைக்கு அணைச்சேன். அஞ்சு மரம். சுத்திக் கயித்த கெட்டிட்டேன், இனி எவனும் மிதிக்க மாட்டான். சலிச்சுப் பாப்பமா?"

நான்கு நாள் சலித்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து சாரல் வந்து வந்து மண்ணைச் சேறாக்கியது. சல்லடைக் கண் அடைத்துக்கொண்டது. அவருடைய மனைவி உமாராணி டீ கொண்டுவந்தபோதெல்லாம் நஸீபா முகம் கொடுத்துப் பேசவில்லை. உடைந்த துண்டுகள் இரண்டு கிடைத்தன. அவ்வளவுதான்.

குற்றாலத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அவற்றைப் பெரிய நுண்ணோக்கியில் வைத்தாள். முதல் துண்டில் ஓட்டையே இல்லை. இரண்டாவதில் பாதி ஓட்டை: நத்தை துளைத்ததுதான், விளிம்பு கிண்ணம்போலச் சரிந்திருந்தது. ஆனால் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வழவழப்பான ஒரு பள்ளம். நூல் ஓடிய தடம். தானாக ஓட்டை விழுந்த சிப்பியைக் கடற்கரையில் பொறுக்கி, யாரோ கோத்துக் கழுத்திலோ கையிலோ வெகுநாள் போட்டிருக்கிறார்கள்.

தன் பேராசிரியரைப் போனில் அழைத்தாள். "ஒரு பாதித் துண்ட வச்சு கட்டுரை எழுத முடியாதும்மா. அடிக்குறிப்பு வேணா போடலாம்" என்றார்.

திரும்பும்போது சீசன் கூட்டத்தில் பஸ் அருவிச் சாலையிலேயே முக்கால் மணி நேரம் நின்றது. எண்ணெய் வழிய ஈரத்துண்டோடு கடந்துபோன ஒவ்வொருவர் மேலும் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. அப்போதுதான் தங்கசாமி போனில் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப மத்த முப்பத்தெட்டும்?"

"ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி."

"நான் கெடுத்தது."

பரவாயில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அது பொய். "ஆமா" என்றாள்.

"அப்ப என் பேரப் போட்டே எழுதுங்க. ஏட்டு தங்கசாமி ஆசிட் ஊத்திக் கெடுத்தான்னு. படிச்சிட்டு இன்னொருத்தன் ஊத்தாம இருப்பாம்லா?"

அன்று மாலை அறிக்கையில் முப்பத்தெட்டு மணிகளுக்கும் எதிரே 'அமிலத்தால் சிதைந்தது, முடிவு கூற இயலாது' என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள். யார் ஊற்றியது என்று எழுதவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.