விரல் நீள மீன்

ஆய்வகத்தில் என்னைப் 'பொடிசு' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலே முக்கால் அடி உயரம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்றால் சிரிப்பார்கள்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் பிடித்த கெண்டைகள் முழங்கை நீளம் இருந்தன. மேற்பகுதியில் பிடித்தவை பார்வைக்கு அதே கெண்டைதான், ஆனால் மூன்று வருடமாக ஒன்றுகூட விரல் நீளத்தைத் தாண்டவில்லை. துறைத் தலைவர் என் அட்டவணையைத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் குஞ்சும்மா. வளர்ச்சிக் கணக்குல இதைச் சேர்த்தா கோடு கோணிக்கும். எடுத்துடு."

"மூணு வருஷமா குஞ்சாவே இருக்குமா சார்?"

"பெருசானதும் கீழ போயிடும். சும்மா மல்லுக்கட்டாத, பொடிசு."

மல்லுக்கட்டுவது என்று அப்போதே முடிவு செய்தேன். குஞ்சுதானே என்று அவற்றின் வயிற்றை இதுவரை யாரும் கீறிப் பார்த்ததில்லை, நானும்தான். மீன்களைப் பதப்படுத்தி வைத்திருந்த ஃபார்மலின் ஜாடிகளை இறக்கினேன். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. கோடையில் பிடித்த மீன்களின் ஜாடியில் எதிலும் முட்டை இல்லை. மழைக்கால ஜாடியில் முதல் மீனின் வயிறே முட்டையால் புடைத்திருந்தது. இருநூற்றாறு மீனையும் கீறி முடித்த பிறகுதான் எழுந்தேன். தொண்ணூற்றொன்றில் முட்டை.

முட்டையோடு இருந்த மீன்களை ஒரு தட்டில் எடுத்துப்போய்த் துறைத் தலைவர் மேசையில் வைத்தேன். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"வேற இனமா இருக்குமோ, பொடிசு?"

"செதிலை எண்ணினா தெரிஞ்சிடும் சார். ஆனா இது வளர்ந்து முடிச்ச மீன். இதோட அளவே இவ்வளவுதான். குஞ்சுன்னு கூப்பிடறதை இன்னையோட நிறுத்திக்கலாம்."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரிங்க மேடம்" என்றார்.