வெர்தைம் சாருக்கு ஒரு காபி

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். சேலையூர் அடுக்குமாடிகளில் சுவர் என்பது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் எதிர்வீட்டு வேதசிரோமணி தன் மகள் சுஜியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "கேன்சர்னே ரிப்போர்ட் வந்திருச்சும்மா. அம்மாகிட்ட வாயைத் திறந்துடாத."

அம்மா என்றால் யூனிஸ். கணக்கு டீச்சர். கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவளை நம்பவைத்து ஆபரேஷனும் முடிந்துவிட்டது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதுவது அச்சில் வந்ததும் முதலில் படிப்பவள் அவள்தான். ஆகவே இந்தக் கதையை எழுதுவதும், கதவைத் தட்டி அவளிடம் விஷயத்தைச் சொல்வதும் ஒன்றுதான்.

அதனால் தொடக்கத்தை மாற்றிப் பார்த்தேன். "பம்மலில் ஷபீனா என்றொரு பெண்—" [அடித்துவிட்டேன். அரைப் பக்கத்துக்குள் ஷபீனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யூனிஸ் மாதிரியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.]

2

செய்த ஆபரேஷனுக்கு வெர்தைம் என்று பெயர். யாரோ ஒரு பழைய டாக்டரின் பெயர். மருத்துவத்தில் இது ஒரு சௌகரியம்: எதை வெட்டினோம் என்று சொல்லாமல், யார் பெயரையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சுஜி அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா காதுபடப் பேச நேர்ந்தால், "வெர்தைம் சார் வந்துட்டுப் போனப்புறம் எப்படிப்பா இருக்கு?" என்பாள்.

ஒருநாள் யூனிஸ், "யாருடி அந்த வெர்தைம்?" என்றாள். அப்பாவும் மகளும் திருதிருவென்று விழித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் எடுத்துவிட்டேன்: "பெரம்பூர்க்காரர், பழைய ரயில்வே ஆபீசர், ஆங்கிலோ இந்தியர். உன் வீட்டுக்காரருக்கு ரொம்ப வேண்டியவராச்சே!" கதை எழுதுகிறவர்களின் வாய் சும்மா இருக்காது.

(ஒரு குறிப்பு: அடுத்து ஏற்ற வேண்டிய கீமோ மருந்து இஃபோஸ்ஃபமைட். நைட்ரஜன் மஸ்டர்டு வகை. ஒரு காலத்தில் போர்முனையில் சிப்பாய்களின் தோலைக் கொப்புளமாக்கிய கடுகு வாயுவுக்குத் தூரத்து உறவு. அந்த வாயுவில் கடுகே கிடையாது. வாடையால் வந்த பெயராம். யூனிஸிடம் சொல்லி வைத்திருப்பது: "ரத்தம் ஊறுறதுக்கு டிரிப்ஸ்.")

3

இங்கிருந்து கதை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஒரு மாலை ரசம் கொடுக்கப் போனேன். ஹாலில் யூனிஸ் மட்டும் இருந்தாள். டீப்பாயில் இரண்டு கோப்பைகள். எதிர் நாற்காலி அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"யாரு வந்தது?"

"வெர்தைம் சார். இப்பத்தான் போறார். படியில பாக்கலையாக்கா?"

படியில் யாரும் இல்லை. ஆனாலும், "எப்படி இருக்கார்?" என்று கேட்டுவைத்தேன்.

"வயசாயிடுச்சு. இடது கையில ரெண்டு விரல் இல்லையே, கப்பைப் பிடிக்கவே சிரமப்படறார்."

விரல் நான் கொடுத்த விவரம் இல்லை. என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது அப்போதுதான். எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த கோப்பையில் பாதிக் காபிதான் மிச்சம் இருந்தது.

மறுநாள் வேதசிரோமணி லிஃப்ட் வாசலில் என்னை மடக்கினார். "சிஸ்டர், அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவா. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்." பிறகு தணிந்த குரலில், "அவர்கிட்ட மட்டும் மனசுவிட்டு எல்லாம் சொன்னேன்" என்றார்.

"எவர்கிட்ட?"

"அதான்… அந்த விரல் இல்லாதவர்கிட்ட."

4

"என்னை வெச்சுத்தானே எழுதறீங்க?" மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது யூனிஸ் கேட்டாள்.

"சேச்சே. பம்மல்ல ஷபீனான்னு ஒரு பொண்ணு."

"ஷபீனாவுக்கு என்ன வியாதி?"

கழற்றிய கிளிப்பையே மறுபடி கொடியில் மாட்டினேன்.

"எனக்குத் தெரியும்க்கா. திங்கட்கிழமை கடுகு ஏத்தப்போறாங்க. வெர்தைம் சார் சொல்லிட்டார்." துண்டை மடித்தாள். "எங்க வீட்டு மனுஷன்கிட்ட சொல்லிடாதீங்க. உங்ககிட்ட சொன்னா தாம்பரம் ஸ்டேஷன்ல அனவுன்ஸ் பண்ண மாதிரிதான், தெரியும். ஆனா இதை மட்டும் வேணாம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவார்."

"அப்ப நீ?"

"பயமாத்தான் இருக்கு. கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மூச்சு அழணும். அவர் என்னடான்னா என்னைப் பாத்தாலே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறார்."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுஜி காட்டாங்குளத்தூர் காலேஜிலிருந்து பாதி வகுப்பில் கிளம்பி வந்து இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்கிறாள். [நாடகம். அடித்தாயிற்று.] இன்னொன்றில் வெர்தைம் சார் தானாகவே வருவதை நிறுத்திக்கொள்கி— [அவர் ஏன் நிறுத்தப்போகிறார்? அந்த வீட்டில் உண்மை பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர்.]

திங்கள் காலை கேட்டருகே நின்றுகொண்டேன். கால் டாக்சியில் யூனிஸ் ஒரு ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டாள். வேதசிரோமணி சுற்றிப் போய் மறு ஜன்னலோரம். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம்.

டிரைவர் திரும்பினார். "இன்னும் யாராச்சும் வரணுமா சார்?"

"இல்ல, எல்லாரும் ஏறியாச்சு" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். அப்புறம் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே பார்த்தார்கள்.

வேளச்சேரி ரோடு திருப்பம்வரை அந்த வண்டியின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தலை தெரிந்தது என்று எழுத மாட்டேன்.

இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் இரண்டையும் மீறிவிட்டேன் என்று அர்த்தம்; ஒரு பிரதி எதிர்வீட்டுக்கும் போயிருக்கும். யூனிஸ், பிரித்தது நீயென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடு. வேதசிரோமணி சார், நீங்களென்றால் அவளை. பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து, சத்தமாக.