மேடைக்கு அடியில் ஒரு குரல்

கெய்ரோவின் இமாதுத்தீன் தெருவில் லபீப் தன்னூஸ் ஏறாத மேடையும் கிடையாது, அவர் மனப்பாடம் செய்த வசனமும் கிடையாது. துரோக மந்திரி வேடம் என்றால் அவர்தான். மேடையின் முன்விளிம்புக் குழியில் ஷெனூதா உட்கார்ந்து வரி வரியாக வசனம் எடுத்துக் கொடுப்பார். லபீப் அதை வாங்கி உறுமுவார். வாரம் ஒரு நாடகம் மாறும் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் இது. கைதட்டலைக் குழிக்குள் யாரும் அனுப்புவதில்லை.

இப்போது பேசும் படம் வந்துவிட்டது. மந்திரி வேடத்துக்கு இரண்டு பேரைச் சோதித்துப் பார்க்கப்போவதாக டைரக்டர் தவ்ஃபீக் பே சொல்லியிருந்தார்; மரியாதைக்கு எல்லோரும் அவரை 'பே' என்றே அழைப்பார்கள். ஒருவர் லபீப். இன்னொருவன் அனீஸ், இளையவன், வசனத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வரும் ஆபத்தான பிறவி. ஸ்டுடியோவில் குழி இல்லை. லபீப் ஷெனூதாவைக் கூட்டிவந்து சோபாவுக்குப் பின்னால் படுக்க வைத்தார். அப்போதுதான் அந்த வாசனை அடித்தது.

"என்னய்யா, வாயில புறாக்கறி வாசனை?"

"சாப்பிட்டேன் உஸ்தாத்."

"பொழுதுக்கும் அவிச்ச மொச்சை திங்கிற ஆளு நீ. யாரு வாங்கிக் குடுத்தது?"

"அனீஸ் தம்பிதான். புள்ளை பொறந்திருக்கு, எல்லாருக்கும் குடுத்தாரு."

"எனக்குக் குடுக்கலையே."

"உங்களுக்குக் குடுத்தா விஷம்னு சொல்லுவீங்களாம்."

சொல்லியிருப்பார்தான். அது அனீஸுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்பதே லபீபை உறுத்தியது.

காமிரா ஓடியது. லபீப் வாயைத் திறப்பதற்குள் ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றினார்.

"பே, மந்திரிக்கு முன்னாடி சோபா பேசுது."

ஷெனூதா தூசியைத் தட்டிக்கொண்டு வெளியேறினார். போகிறபோது அனீஸைப் பார்த்துத் தலையசைத்தார். மரியாதைக்கா, வேலை முடிந்ததற்கா? லபீபுக்குச் சந்தேகமே இல்லை, புறாவுக்கான வேலை முடிந்ததற்குத்தான்.

மறுபடி காமிரா. "கஜானா சாவி எங்கே?" என்றார் ராஜா வேடக்காரர். லபீப் பழக்கதோஷத்தில் குழி இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். காதைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. மெல்ல நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இதில் எத்தனை பேர் புறா தின்றவர்கள்?

"நிறுத்துங்க" என்றார் பே. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு. வேஷம் உங்களுக்குத்தான்."

"நான் இன்னும் வசனமே பேசலையே, பே."

"பேசிக் கெடுத்துடாதீங்க. இப்படியே பாருங்க, போதும். உங்க வசனத்தை அனீஸ் பேசட்டும், காரியதரிசியா பக்கத்துல நின்னு."

அந்தப் படம் ஓடியது. அதற்குப் பின் வந்த படங்களிலெல்லாம் லபீப் பார்த்தார், வேறு யாராவது பேசினார்கள். பத்திரிகைகள் அவரை மௌனச் சக்கரவர்த்தி என்றன. தன்னைப் பேசவிடாமல் செய்தது அனீஸின் சதிதான் என்று லபீப் சொல்லிவந்தார். ஒரு மனிதனின் வாயை அடைக்க இவ்வளவு செலவு செய்து படம் எடுப்பார்களா என்று நண்பர்கள் கேட்டபோது, அதுதான் திட்டத்தின் அழகு என்றார் லபீப்.

ஒருநாள் படப்பிடிப்பில் அனீஸ் பணிவாகக் குனிந்து கேட்டான்: "உஸ்தாத், உங்க வசனத்தை நான் சரியாச் சொல்றேனா?"

லபீப் கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தார். காமிராக்காரர் அவசரமாக அதையும் எடுத்துக்கொண்டார்.