துரை சொன்னதும் தம்பி சொன்னதும்

குழந்தையம்மாளுக்கு ஊர் சுற்றுகிற ஆசையெல்லாம் கிடையாது. விவசாயக் காலேஜின் மரத்தோட்டத்தைப் பார்க்க சிங்காநல்லூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் வாடகைக்கு ஒரு பஸ் பிடித்துக் கிளம்பியபோது அவளும் ஏறி உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், அவள் மடியில் இருந்த காய்ந்த மாங்கொப்பு. அப்பன் அவளுக்குச் சீராகக் கொடுத்த மாந்தோப்பு இரண்டு வருஷமாகப் பிசின் வடிந்து, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. தோப்பை ஒட்டி மில் வேறு வந்துவிட்டது. மில்காரர்கள் தோப்பை விலைக்குக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள்.

"காலேஜுக்குச் சீமையிலிருந்து புதுசா ஒரு துரை வந்திருக்காருங்க. மரத்து நோவெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொழைக்காதுன்னு அவரு சொல்லிப்போட்டா வித்துப்போடலாமுங்கக்கா" என்று தம்பி பாலுசாமிதான் யோசனை சொன்னான்.

"சரி கண்ணு. துரை வாயால அப்படி வந்துச்சுன்னா வெள்ளிக்கிழமையே கைநாட்டு வெச்சுப்போடறேன்" என்று இவளும் சொல்லிவிட்டாள்.

பாலுசாமி மெட்ராசில் பி.ஏ. படித்தவன். படிக்க வைத்தது அந்தத் தோப்பு. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத குழந்தையம்மாளுக்கு அவன்தான் எல்லாம். அவன் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். ஓர் எழுத்துப் புரியாது என்பது வேறு விஷயம்.

தோட்டத்து வாசலில் வெயிலில் சிவந்த மூக்கோடு துரை நின்றிருந்தார். "வாங்க" என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. கூட இருந்த தமிழ் வாத்தியார் பாதிப்பேரை நாற்றங்காலுக்கு அழைத்துப் போய்விட்டார். துரை சொல்வதைத் தமிழில் சொல்கிற வேலையை பாலுசாமி தானாகவே எடுத்துக்கொண்டான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் என்று ஒவ்வொன்றையும் கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. குழந்தையம்மாள் மட்டும் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

கடைசியில் பாலுசாமி அவளுடைய கொப்பை வாங்கித் துரையிடம் நீட்டினான். அவர் அதை ஒடித்தார், முகர்ந்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. என்னென்னவோ பேசிக்கொண்டே எல்லாரையும் ஒரு மாமரத்தடிக்கு இழுத்துப் போனார். அதன் அடிமரத்தில் அங்கங்கே பட்டையைச் செதுக்கி, நீலமாக ஏதோ பூசியிருந்தது. துரை கொப்பை அந்தக் காயத்தின்மேல் வைத்துக் காட்டினார். பிறகு உழவு மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் மரத்தைத் தட்டிச் சிரித்தார்.

"என்ன கண்ணு சொல்றாரு?"

பாலுசாமி தொண்டையைச் செருமினான். "இதுக்கும் நம்ம மரத்து நோவேதானாமுங்கக்கா. மருந்தே கிடையாதாமா. இதையும் வெட்டத்தான் போறாங்களாமா. காலத்தோட வித்துப்போடச் சொல்றாரு."

பக்கத்தில் நின்ற ஊர்க்காரி பொன்னாத்தாள் உச்சுக்கொட்டினாள். குழந்தையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். மரத்தின் உச்சியெல்லாம் செம்புநிறத்தில் தளதளவென்று தளிர்.

சாகிற மரம் இப்படியா துளிர்க்கும்? வெட்டப்போகிற மரத்தை எவராவது தட்டிக்கொடுப்பார்களா? துரை பேச்சைத் தம்பி சரியாகக் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அப்படியே இருக்கவேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டாள்.

பிறகு துரையின் எதிரே போய் நின்றாள். அவர் கையிலிருந்த தன் கொப்பைக் காட்டினாள். கிழக்கே, தன் தோப்பு இருக்கிற திசையைக் காட்டினாள். கையைக் கோடாலிபோல் வைத்து வெட்டிக் காட்டி, வெட்டிவிடட்டுமா என்று தலையசைத்துக் கேட்டாள்.

துரை பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நீலப் பூச்சைத் தொட்டு, அவளுடைய கொப்பைத் தொட்டு, மேலே தளிரைக் காட்டினார். அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. கூட்டம் மொத்தமும் பாலுசாமியைத் திரும்பிப் பார்த்தது.

அவன் தலை கவிழ்ந்து நின்றான். மற்றவர்கள் அடுத்த மரத்துக்கு நகர்ந்தபின் மெதுவாகச் சொன்னான்: "தோப்பை வாங்கிக் குடுத்தா மில்லுல என்னைய மேனேஜராப் போடறேங்கறாங்கக்கா. மரம் பொழைக்கும்னு தெரிஞ்சா நீங்க விக்கமாட்டீங்க."

"உனக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா, பச்சை மரமாவே வெட்டிக் குடுத்திருப்பனே" என்றாள் குழந்தையம்மாள். வளர்த்த பிள்ளையே ஏமாற்றிவிட்டால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

தமிழ் வாத்தியார் திரும்பி வந்ததும் அவரிடம் போய் மருந்தைத் தானே கேட்டு, இரண்டுதரம் திருப்பிச் சொல்லி மனசில் வாங்கிக்கொண்டாள். மழை பிடிப்பதற்குள் பூசிவிட்டால் தோப்பு தழைத்துவிடும் என்றார் அவர்.

மத்தியானம் எல்லாரும் மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். பாலுசாமிக்குப் பிடிக்குமே என்று அவள் விடியற்காலையிலேயே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி எடுத்து வந்திருந்தாள். எப்போதும் அக்காவின் தூக்குப்போசியில் அவனே கைவிட்டு அள்ளிச் சாப்பிடுவான். இன்றைக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினான்.

குழந்தையம்மாள் போசியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஓர் இலையை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சோற்றைப் பரிமாறி, நெய்யும் விட்டாள்.

"சாப்பிடுங்க தம்பி" என்றாள். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

பாலுசாமி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அக்கா, ஏனுங்க விருந்தாளிக்குப் போடறாப்பல போடறீங்க?" என்றான்.

"இன்னுங் கொஞ்சம் நெய் விடட்டுங்களா?" என்று கேட்டாள் குழந்தையம்மாள்.